பெருமைக்குரிய குளியலறை

கடலில் மிதக்கிறதையெல்லாம் கப்பல் என்று சொல்லிவிட முடியாது, கட்டைகூடத்தான் மிதக்கிறது. துறைமுகத்தில் அண்ணாந்து பார்த்தபோதே போர்டுக்காரருக்கு இந்த எண்ணம் வந்தது. ஆனால் பயணச்சீட்டு கையில் இருந்தது, பக்கத்தில் நின்ற மனைவியின் முகத்தில் சிரிப்பு இருந்தது. எண்ணத்தை எச்சிலோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

போர்டுக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். கடைகளுக்குப் பெயர்ப் பலகையும் அலுவலகங்களுக்கு அறிவிப்புப் பலகையும் எழுதுவது அவர் தொழில். 'சத்தம் போடாதீர்', 'சுவரில் சாயாதீர்', 'வரிசையில் வரவும்' என்று எழுதி எழுதி, எழுதியிருப்பதை மீறுவது என்பதே அவர் ரத்தத்தில் இல்லாமல் போய்விட்டது. ஒரு முறை பூங்காவுக்காக 'புல்லில் நடக்காதீர்' என்று எழுதி, புல்வெளியின் நடுவில் தானே கொண்டுபோய் நட்டார். நட்டு முடித்துப் படித்துப் பார்த்தார். அவ்வளவுதான், திரும்பி வர வழியில்லை. மனைவி தேடி வந்து, கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போகும்வரை மனிதர் அங்கேயே நின்றார். அந்தக் கதையை அந்த அம்மாள் விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், எதற்கென்று முழுதாகப் புரியாமல்.

இந்தக் கிழட்டுக் கப்பலில் ஏறியதற்குக் காரணம் மனைவியின் அக்கா. அவள் கல்யாணம் ஆகிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் துறைமுக ஊருக்குப் போனவள். அப்புறம் ஒருவருக்கு வசதிப்பட்டபோது இன்னொருவருக்கு வசதிப்படவில்லை, அக்காவுக்கு முழங்கால் வேறு மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டது. வாரம் தவறாமல் போனில் பேசுவார்கள். “குரலைக் கேட்டுக் கேட்டு முகமே மறந்துபோச்சுங்க, ஒரு தடவை அவளைக் கண்ணால பாக்கணும்” என்று மனைவி கேட்டபோது போர்டுக்காரரால் மறுக்க முடியவில்லை. நீச்சல் குளமும் கண்ணாடி லிஃப்டும் வைத்த புதுக் கப்பல்கள் அந்த ஊரைக் கண்டால் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும். நிற்பது இது ஒன்றுதான், அதுவும் ஒரு மத்தியான நேரம் மட்டும். அந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் இத்தனை நாள் கடல் பயணம்.

ஏறியதும் வரவேற்பு விழா. கேப்டன் மார்பு நிறையப் பதக்கங்களோடு மேடையில் நின்றார். பதக்கங்கள் கப்பலுக்குக் கொடுக்கப்பட்டவையாம், கப்பலுக்கு மார்பு இல்லாததால் அவர் சுமக்கிறாராம்.

“இந்தக் கப்பலில் பழுது என்ற சொல்லுக்கே இடமில்லை” என்று அவர் பேசினார். “ஓடாதது ஓய்வெடுக்கிறது. ஒழுகுவது வரலாறு பேசுகிறது. புதிய கப்பல்களுக்குப் பயணிகளைக் கரை சேர்ப்பதிலேயே குறி. நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல.”

எல்லாரும் கை தட்டினார்கள். போர்டுக்காரரும் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் ஒழுகிய வரலாறு அவர் சட்டைக் காலருக்குள் இறங்கியது.

கேப்டனுக்கு அடுத்தபடி கப்பலை ஆண்டவர் பாரம்பரிய அதிகாரி. ஒல்லியான, வழவழப்பான மனிதர். நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. கப்பலில் எது பழையது, எது அதைவிடப் பழையது என்று தீர்மானிப்பது அவர் வேலை. பயணிகளைக் கூட்டிக்கொண்டு அவரே கப்பலைச் சுற்றிக் காட்டினார். லிஃப்ட் வந்தது. அது நகர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் சேவை நிறுத்தப்படவில்லை. பயணிகள் உள்ளே போய் நின்றார்கள், சீருடைக்காரர் கதவை மூடி ஒவ்வொரு மாடியின் பெயராகக் கம்பீரமாக அறிவித்தார், கடைசி மாடி வந்ததும் கதவைத் திறந்தார், எல்லாரும் வெளியே வந்து படியேறிப் போனார்கள். நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை, ஆனால் நீச்சல் உடை கட்டாயம். தரையில் படுத்துக் கை கால் அசைத்துக்கொண்டிருந்த ஒரு குண்டு மனிதர், போன வருடத்தைவிட இந்த வருடம் நன்றாக நீந்துவதாகச் சொன்னார். உயிர்காப்புப் படகுகளைச் சுற்றி வெல்வெட் கயிறு கட்டியிருந்தது. ஆபத்துக் காலத்தில் பயணிகள் கயிற்றுக்கு வெளியே நின்று அவற்றை அமைதியாகப் பார்க்கலாம் என்றார் அதிகாரி.

கப்பலின் தலையாய விதி ஒன்றையும் அவர் சொன்னார். ஒரு வேளைச் சாப்பாட்டிலிருந்து அடுத்த வேளைச் சாப்பாடு வரை இடம் மாறாமல் இருக்கும் எதுவும் கப்பலின் பாரம்பரியச் சொத்து. சாப்பாட்டு அறையில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைச் செருப்பு அப்படித்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் போனதாம். மேல்தளத்து நாற்காலியில் அசந்து தூங்கிவிட்ட ஒரு பெரியவரைச் சுற்றியும் கயிறு கட்டி முடித்தார்களாம், மனிதர் நன்றியில்லாமல் எழுந்து போய்விட்டாராம். அதைச் சொல்லும்போது அதிகாரியின் குரல் கம்மியது.

போர்டுக்காரருக்கு இதெல்லாம் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஆனால் கப்பல் முழுக்கத் தொங்கிய பலகைகளில் மனதைப் பறிகொடுத்தார். கறுப்பில் தங்க எழுத்து, ஒவ்வொரு சுழியும் அச்சில் வார்த்தது போல. 'சாயாதீர்கள்', 'உட்காராதீர்கள்', 'ஜன்னலைத் திறக்காதீர்கள்'. அவர்களுடைய அறையின் குளியலறைக் கதவில், பளபளக்கும் பித்தளைப் பிடிக்கு மேலே, 'பிடியைத் தொடாதீர்கள்'. பிடியைத் தொடாமல் எப்படிப் போவது என்று மனைவி கேட்டாள். காலையில் பணியாளர் கையுறை போட்டுத் திறந்து, அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுப் போவார், அப்புறம் தோளால் இடித்துக்கொண்டு போகலாம், வரலாம். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். போர்டுக்காரர் எழுத்தைப் பார்த்து, இதை எழுதிய ஆளிடம் ஒரு வருடமாவது வேலை கற்றிருக்கலாம் என்று பெருமூச்சு விட்டார்.

அக்காவின் ஊர் வரும் நாளுக்கு முந்தின நாள் காலையில் மனைவி குளிக்கப் போனாள். கப்பல் ஒரு குலுங்கு குலுங்கியது. மரக்கட்டை நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடியது, கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

“என்னங்க” என்றாள் மனைவி உள்ளேயிருந்து. “உள்பக்கப் பிடி கையோட வந்துடுச்சு.”

போர்டுக்காரர் ஓடி வந்தார். கதவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், தோளால் இடித்தார். தேக்குக் கதவு, அசையவில்லை. பயப்படாதே, ஆளைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினார்.

பாரம்பரிய அதிகாரி வந்தார். வந்தவர் கதவுக்கு முன்னால் ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். பிறகு, இந்தக் கதவு இவ்வளவு முழுமையாகச் சாத்தியிருந்து தான் பார்த்ததே இல்லை என்று உணர்ச்சிவசப்பட்டார். திறந்துவிடுங்கள் என்று போர்டுக்காரர் கும்பிட்டார். அதற்கென்று உள்ள கையுறை சலவைக்குப் போயிருக்கிறது என்றார் அதிகாரி. சலவை இயந்திரம் பாரம்பரியப் பொருளாகிவிட்டதால் அது துவைப்பதில்லை. கையுறை அந்த இயந்திரத்துக்குள்ளேயே கிடக்கிறது. ஆகவே கமிட்டி கூட வேண்டும்.

கமிட்டி வறண்ட நீச்சல் குளத்தில், நீச்சல் உடையில் கூடியது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தபோது அவர்கள் கூட்டத்துக்கு யார் தலைமை என்பதை முடிவு செய்திருந்தார்கள். போர்டுக்காரர் மெல்லிசாக ஆம்லெட் போடச் சொல்லி, கதவின் அடி இடுக்கு வழியாக உள்ளே தள்ளினார். அதற்கப்புறம் ரொட்டித் துண்டுகளைத் தள்ளினார்.

“உப்பு பத்தல” என்றாள் மனைவி. “ஏங்க, நாளைக்கு அக்கா ஊர் வந்துடும். அதுக்குள்ள திறந்துடுவாங்கல்ல?”

“கமிட்டி உக்காந்திருக்கு” என்றார் போர்டுக்காரர்.  கமிட்டி என்பது பெரிய விஷயம், பெரியவர்கள் சும்மா உட்கார மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாயங்காலத் தேநீருக்கு முன் முடிவு வந்தது. அதிகாரி கையைக் குலுக்கி வாழ்த்தினார். காலைச் சாப்பாட்டிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை அம்மையார் இடம் மாறவில்லை, விதிப்படி அவரும் குளியலறையும் சேர்ந்து ஒரே பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கப்பட்டிருக்கிறார்கள். இனிக் கதவைத் திறப்பது சொத்தைச் சிதைப்பதாகும்.

“அவ என் சம்சாரம் சார்” என்றார் போர்டுக்காரர்.

“இதுவரைக்கும்” என்றார் அதிகாரி பரிவோடு. “நீங்க பெருந்தன்மையா யோசிக்கணும் சார். இத்தனை நாள் உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் பயன்பட்டாங்க.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. தேநீர் முடிந்ததும் முதல் பார்வையாளர் கூட்டம் வந்தது. அறையின் நடுவில் கயிறு கட்டினார்கள். போர்டுக்காரரின் கட்டில் கயிற்றுக்கு உள்பக்கம் மாட்டிக்கொண்டதால், அவர் உட்காரலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை, நின்றுகொண்டே இருந்தார். அதிகாரி கதவைக் காட்டி, உள்ளே ஒரு பெண்மணி தன் இயல்பான சூழலில் இருப்பதாக விளக்கினார். யார் அங்கே என்று மனைவி அதட்டினாள். கூட்டம் சிலிர்த்துப்போய்க் கை தட்டியது. குண்டு மனிதர், குரல் அசலானதுதானா என்று கேட்டார்.

அப்புறம் கேப்டனே பதக்கங்கள் கிணுகிணுக்க வந்தார், கதவுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். போர்டுக்காரர் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கேப்டன் அவரைத் தனியாக ஜன்னலோரம் அழைத்துப்போனார்.

“உங்களிடம் மனம் விட்டுப் பேசுகிறேன்” என்றார். “நான் இந்தக் கப்பலின் சக்கரத்தைத் தொட்டதில்லை. அதிலும் ஒரு பலகை தொங்குகிறது. கப்பல் எப்படிப் போகிறது என்று நான் கேட்டதும் இல்லை. கேட்டால் யாராவது போய்ப் பார்ப்பார்கள், பார்த்தால் நின்றுவிடும். ஒரு கப்பலே இப்படிப் போகும்போது, ஒரு குடும்பம் போகாதா?”

அவர் அப்படிச் சொன்னதும் போர்டுக்காரருக்குக் காலடியில் தரை லேசாகச் சாய்ந்தது போல இருந்தது. உண்மையில் சாய்ந்துதான் இருந்தது.

ஆனால் உச்சம் அதுவல்ல. கதவுக்கு ஒரு பலகை வேண்டுமென்றார்கள். கப்பலுக்குப் பலகை எழுதி வந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். போர்டுக்காரரின் தொழில் எப்படியோ அதிகாரியின் காதுக்குப் போயிருந்தது. தங்கப் பெயிண்ட், அணில் முடித் தூரிகை, வழவழவென்று இழைத்த பலகை எல்லாவற்றையும் தட்டில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். இந்தக் கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் உங்கள் கையெழுத்து காலம் காலமாகத் தொங்கும் என்றார்.

இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மனிதர் மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. அந்தத் தூரிகையை ஒரு முறை கட்டை விரலில் தடவிப் பார்த்தார், அதோடு மனம் கரைந்துவிட்டது. 'குளியலறையில் குடும்பத் தலைவி. நீர், நிலம், பெண். இடம் மாற்றாதீர்கள்' என்று அதிகாரி வாசகம் சொன்னார். போர்டுக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'குடும்ப' என்பதன் சுழிகளைப் போட்டார்.

“என்னங்க, வெளிய பெயிண்ட் வாசனை வருது” என்றாள் மனைவி.

“சின்ன வேலை ஒண்ணு” என்றார்.

 அப்புறம் அவள், அக்காவுக்குப் பிடிக்குமென்று வாங்கி வைத்த நீல சால்வை பெட்டியில் மேலாக இருக்கிறது, கசங்காமல் எடுத்து வையுங்கள் என்று மட்டும் சொன்னாள். போர்டுக்காரரின் தூரிகை நின்றது. அவருக்கு அவமானமாக இருந்தது. ஆனால் பலகையில் பாதி எழுத்துதான் காய்ந்திருந்தது. பாதியில் விட்டால் தொழிலுக்கு அழகல்ல என்று மீதியையும் எழுதி முடித்தார்.

மறுநாள் மத்தியானம் அக்காவின் ஊர் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கப்பல் கிட்ட வர வர எழுந்து நின்றுவிட்டாள். மனைவியின் சாயல் அப்படியே இருந்தது, கொஞ்சம் பெருத்த மனைவி.

“வந்திருக்காளா?” என்றாள் மனைவி உள்ளேயிருந்து. “எப்படி இருக்கா? சொல்லுங்களேன்.”

 வந்திருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போர்டுக்காரர் அதிகாரியைத் தேடி ஓடினார். இந்த ஒரு மத்தியானத்துக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுங்கள், அப்புறம் எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வேண்டுமானாலும் என்னை வையுங்கள் என்று அழாக்குறையாகச் சொன்னார். அதிகாரி யோசித்தார். சொத்து வெளியே வர முடியாது, ஆனால் பொதுமக்கள் வந்து பார்க்கத் தடையில்லை; வரிசையில் வரவேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியையே பூசாரி உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்.

அக்கா வந்தாள். முதலில் அவளை லிஃப்டில் நிறுத்தி எல்லா மாடிகளையும் அறிவித்தார்கள். பிறகு அந்தக் காலோடு, ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை நின்று நின்று, அத்தனை மாடியும் ஏறினாள். பார்வையாளர்கள் வரிசையில் குண்டு மனிதருக்குப் பின்னால் நின்றாள். அவள் முறை வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு கயிற்றுக்கு அப்பால் இருந்த கதவைப் பார்த்தாள்.

“குட்டி” என்றாள்.

உள்ளே ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது. “அக்கா” என்றாள் மனைவி. அதோடு அழுதுவிட்டாள். நேற்றெல்லாம் அழாதவள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அழுவதைக் கேட்டு இந்தப் பக்கம் போர்டுக்காரரும் அழுதார். வரிசையில் நின்றவர்களில் சிலர், இது நிகழ்ச்சியில் உண்டா என்று அதிகாரியிடம் மெல்லிய குரலில் விசாரித்தார்கள்.

“கால் எப்படி இருக்கு?”

“அது கிடக்கு. நீ இளைச்சிட்டியா?”

“எனக்கெப்படித் தெரியும், இங்க கண்ணாடி ரசம் போயிருக்கு.”

 அக்காவின் முகம் மாறியது.

“ஏண்டி, இதுக்குப் போனே தேவலாமே” என்றாள். “குரலைக் கேக்கவா நீ கடல் தாண்டி வந்தே?”

கயிற்றை ஊன்றுகோலால் தூக்கிவிட்டு உள்ளே வந்தாள். அதிகாரி, அம்மா, அம்மா என்று கையை நீட்டினார். அவள் கதவுக்கு முன்னால் நின்று போர்டுக்காரர் எழுதிய புதுப் பலகையைப் படித்தாள். அதற்குக் கீழே பழைய பலகையையும் படித்தாள். எழுத்து நன்றாக இருக்கிறது, தம்பி என்றாள். பிடியைப் பிடித்துத் திருகினாள்.

கதவு திறந்துகொண்டது.

கலைந்த தலையும், கையில் உடைந்த உள்பக்கப் பிடியுமாக மனைவி நின்றாள். அக்கா ஊன்றுகோலைக் கீழே போட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, முகத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, மறுபடி கட்டிக்கொண்டு, சிரித்து, மூக்கைச் சிந்தினார்கள். இதெல்லாம் ஓய்ந்தபின் மனைவி மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

“நீங்க ஒரு தடவையாவது பிடியைத் திருகிப் பாத்தீங்களா?”

 போர்டுக்காரரின் கண் தானாகப் பலகைப் பக்கம் போனது. அவளும் திரும்பிப் பார்த்தாள். முதலில் பழைய பலகை, பிறகு புதியது. 'குடும்ப' என்பதன் சுழிகளைப் பார்த்ததும் யார் கை என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று போர்டுக்காரர் ஏங்கினார்.

அந்த நேரம் பார்த்து அதிகாரிக்குப் பேச்சு வந்தது. நடந்தது நடக்கவில்லை என்றார். கமிட்டி திறக்கச் சொல்லாத கதவு திறந்திருக்க முடியாது. அம்மையார் தயவுசெய்து உள்ளே போனால், உரிய காலத்தில், வாத்தியக் குழுவோடு, கேப்டன் முன்னிலையில் திறப்பு விழா நடத்தலாம். கப்பல் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, அதற்குள் சொத்து இடத்துக்கு வந்தாக வேண்டும். இப்படிச் சொல்லிவிட்டுப் போர்டுக்காரரின் தோளில் கைபோட்டார்.

“நீங்க விதி தெரிஞ்சவர். அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்க” என்றார். “அதுக்குள்ள சோப்பு, வாளி எல்லாம் அதது இடத்துல இருக்கான்னு நான் சரிபாத்துடுறேன்.”

செருப்புச் சத்தம் இல்லாமல் குளியலறைக்குள் போய், குனிந்து வாளியைப் பார்த்தார்.

போர்டுக்காரர் பித்தளைப் பிடியைப் பார்த்தார். பலகையையும் பார்த்தார்.  புல்வெளியில் கையைப் பிடித்து இழுத்துப்போனவள் இன்று பக்கத்தில் சும்மா நின்றாள், இழுக்கவில்லை. அவர் கையை நீட்டினார். பிடி ஜில்லென்று இருந்தது, மற்றபடி சாதாரணப் பிடி. இழுத்தார். கதவு மரியாதையாகச் சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து ஒரு தட்டல் கேட்டது. பிறகு பல தட்டல்களும் அதிகாரியின் கூச்சலும். அதற்குள் பணியாளர்கள் இருவர் ஓடி வந்து, தட்டல் வரும் கதவைப் பார்த்து, பிடிக்கு மேலிருந்த பலகையைப் படித்து, மரியாதையாக இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்கள். ஒருவர் கமிட்டியைக் கூட்டப் போனார். குண்டு மனிதர் கை தட்ட ஆரம்பித்தார். இந்த முறை குரல் இன்னும் அசலாக இருப்பதாகச் சொன்னார். மனைவி பெட்டியில் மேலாக இருந்த நீல சால்வையை எடுத்து அக்காவின் தோளில் போட்டாள். உடைந்த பிடியைப் போர்டுக்காரரின் சட்டைப் பைக்குள் போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டினாள்.

மூன்று பேரும் அக்காவின் காலுக்குத் தோதாக மெல்ல மெல்லப் படியிறங்கிக் கரைக்கு வந்தார்கள். பெட்டியை விட்டுவிட்டோமே என்றார் போர்டுக்காரர். கிடக்கட்டும், சாயங்காலத்துக்குள் அதுவும் பாரம்பரியமாகிவிடும் என்றாள் மனைவி. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்காவும் சேர்ந்துகொண்டாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார்கள். பின்னால் ஹாரன் ஊதியது. கப்பல் லேசாகச் சாய்ந்தபடி, யாரும் ஓட்டாமல், கம்பீரமாகக் கரையை விட்டு விலகியது.

தெரு முனை திரும்பும்போதுதான் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“பாவம், அந்த மனுஷனை எப்பங்க திறந்துவிடுவாங்க?”

போர்டுக்காரர் நின்று யோசித்தார்.

“சோறு தள்ளிவிட ஆள் இருக்கு” என்றார். “கமிட்டிதான் கூடணும்.”